கட்டுப் போட்ட கையெழுத்து

உலகெங்கும் வாழும் தமிழர்கள் கையிலுள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை சரியாகப் பத்தரை மணிக்கு, திண்டுக்கல் நாகல் நகரில் மின்விசிறிகள் ஓரளவு சுற்றும் ஒரு திருமண மண்டபத்தில், தமிழன்னையின் கழுத்தில் இதுவரை எந்தப் புலவனும் பூட்டாத அணிகலன் ஒன்று பூட்டப்பட இருக்கிறது. அணிகலனின் பெயர் 'ஆண்டி தூரிகை'. பூட்டுகிறவர் 'எழுத்தரசு' ஆண்டிச்சாமி. பூட்டி முடிந்ததும் பிரியாணி.

அழைப்பிதழில் ஏறக்குறைய இப்படித்தான் போட்டிருந்தது. பிரியாணி மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அணிகலன் என்றது ஒரு ஃபாண்ட். கம்ப்யூட்டரில் தட்டினால், யாரோ தடித்த தூரிகையை வைத்து ஒரே வீச்சில் எழுதியதுபோல எழுத்து வந்து விழும். கோட்டின் ஓரமெல்லாம் பெயிண்ட் காய்ந்து இழுபட்டமாதிரி கீறல் கீறலாக இருக்கும். கடைப் பலகைக்கும் போஸ்டர் தலைப்புக்கும் எடுப்பாக நிற்கும்.

தமிழன்னைக்கு அதைப் பூட்டவிருந்த வலது கை, அன்று காலை ஏழு மணிக்குச் சமையல் மேடைமீது, வெங்காயத் தோலுக்கும் மாவுச் சட்டிக்கும் நடுவில் நீட்டிக் கிடந்தது.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்து. மணிக்கட்டு ஆடக் கூடாது" என்றார் ஆண்டிச்சாமி.

அவர் மனைவி இசைவாணி பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நகங்கள்கூட விழாவை முன்னிட்டு நேற்று வெட்டப்பட்டிருந்தன.

"ரத்தம் தெரியணும்ல?"

"யாருக்கு?"

"பாக்குறவனுக்குத்தான். வெறும் வெள்ளையாப் போனா அவிச்ச முட்டை மாதிரி இருக்கும். போஸ்டர் கலர்ல சிவப்பு இருக்குல்ல, ஒரு சொட்டு வை. ரொம்ப வேணாம், சன்னமா."

இசைவாணி சிவப்பைத் தொட்டு வைத்தாள். ஆண்டிச்சாமி கையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது குங்குமம் மாதிரில்ல இருக்கு. கொஞ்சம் பிரௌன் கல."

கலந்தாள். இத்தனை வருஷத்தில் நிறத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் சரியான கருத்து அதுதான். அதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

போன வாரம் வரைக்கும் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. குஜிலியம்பாறைப் பக்கமிருந்து வந்து, நாகல் நகரில் பேனர் கடை போட்ட ஆண்டிச்சாமிக்கு எழுத்து வராது. கல்யாணமான புதிதில் ஒரு துணி பேனருக்கு ஆர்டர் எடுத்து வந்து, அவர் எழுதிய முதல் வரி டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போகும் கூட்டம்போலச் சரிந்து கிடந்தது. இசைவாணி அதைத் துடைத்துவிட்டு, வீட்டில் வேறு தூரிகை இல்லாததால் அவருடைய பழைய ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து எழுதி முடித்தாள். பாதி முடி கொட்டிப்போன பிரஷ். அதனால்தான் அந்தக் கீறல்கள்.

பேனரை வாங்க வந்தவர், "அண்ணே, உங்க கையக் கண்ணுல ஒத்திக்கணும்" என்றார். ஆண்டிச்சாமி கையை நீட்டினார். நீட்டிய கையைப் பதினெட்டு வருஷமாக அவர் உள்ளே இழுக்கவில்லை.

வீட்டின் பின்னறையில் இசைவாணி எழுதுவாள். கடையாக்கிய முன்னறையில் ஆண்டிச்சாமி, "வேலையில இருக்கும்போது உள்ள யாரும் வரக் கூடாதுப்பா, கை நடுங்கிரும்" என்பார். பேனர் போய் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரிலும் இசைவாணிதான் உட்கார்ந்தாள். மதுரையில் ஒரு கம்பெனி தமிழ் ஃபாண்டுகளை வாங்கிக்கொள்கிறது என்று அச்சக உரிமையாளர் சங்கத்தில் யாரோ சொல்ல, தன் கையெழுத்தை உலகுக்கு வழங்குவது என்று ஆண்டிச்சாமி முடிவெடுத்தார். இரண்டு மாதம், எழுத்து எழுத்தாக, அதே ஷேவிங் பிரஷ்ஷால் இசைவாணி எழுதினாள். ஸ்கேன் எடுத்து வந்ததும், ஓரம் ஓரமாகச் செதுக்கி, ஃபாண்டாகவும் அவளே ஆக்கினாள். அந்த இரண்டு மாதமும் ஆண்டிச்சாமி அழைப்பிதழுக்கு அடைமொழி யோசித்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சங்கத் தலைவர் 'அச்சுலகச் செம்மல்' ராயப்பராஜ், யாரையும் கேட்காமல் அழைப்பிதழில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். 'எழுத்தரசு அவர்கள் மேடையில் நேரடியாக எழுதிக் காட்டுவார்.'

அன்றிலிருந்து எழுத்தரசுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று மருந்துக் கடையிலிருந்து பேண்டேஜ் சுருளோடு வந்தார்.

"என்னாச்சுன்னு கேட்டா?" என்றாள் இசைவாணி, முடிச்சைப் போட்டபடி.

"அருவாமனை வெட்டிருச்சு. உனக்கு வெங்காயம் நறுக்கிக் குடுத்தேன்."

"நீங்க?"

"ஏன், நறுக்க மாட்டனா?"

வெங்காயம் எந்தப் பக்கம் உரிக்க ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியாது. இசைவாணி கையைக் கழுவினாள். பிரௌன் கலந்த சிவப்பு நகக்கண்ணில் ஏறி, இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

முன்னறையில், மகள் இளவேனில் சி.டி. எழுத உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறவள். வருகிற முக்கிய விருந்தினருக்கெல்லாம் ஆளுக்கொரு சி.டி. கொடுப்பதாக ஏற்பாடு. மொத்தம் ஐம்பது. மெஷின் ஒவ்வொன்றாகத்தான் துப்பும்.

"அம்மா, இங்க வா. இன்னும் ஒண்ணுகூட எரிக்கல."

"ஏன்?"

"ஃபாண்டுக்கு உள்ள டிசைனர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை முடிச்சாத்தான் மத்தது. அப்பா சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு, படி."

சீட்டில் இருந்தது: 'எழுத்தரசு, தூரிகைத் திலகம், குஜிலியம்பாறை தந்த கோமகன், வெ. ஆண்டிச்சாமி.'

"கட்டம் அம்புட்டையும் எடுக்க மாட்டேங்குது. 'தூரிகைத் திலகம் குஜி'ங்கிறதோட நின்னுருது" என்றாள் இளவேனில். "குஜின்னே விட்ருவமா? நல்லாத்தான் இருக்கு."

இசைவாணி கட்டத்தைப் பார்த்தாள். சின்னக் கட்டம். வெள்ளையாக இருந்தது. உள்ளே ஒரு கோடு மினுக் மினுக்கென்று நின்றது.

"நாளைக்கு மதுரைக் கம்பெனிக்காரரு வந்து இதைத்தாம்மா வாங்கிட்டுப் போவாரு. அங்க பதிஞ்சிட்டா அதுக்கப்புறம் பேரை மாத்த முடியாது. எந்தப் பேரு போகுதோ அதான்."

"தெரியும்."

"ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர் கேட்டாங்க, உங்க வீட்ல பேனர் யாரு எழுதுறான்னு. எங்கம்மான்னு சொன்னேன். சாயந்திரம் அப்பா முதுகுல வச்சாரு." இளவேனில் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ பாத்துக்கிட்டுத்தான் நின்ன."

"வேற வழி இருந்துச்சா?"

"அதைக் கேக்கலை. நின்னேன்னு சொல்றேன்."

உள்ளேயிருந்து ஆண்டிச்சாமியின் குரல் கேட்டது. ஒரு கையால் பட்டு வேட்டி கட்ட முடியவில்லையாம். கட்டுப் போட்டு அரை மணி நேரத்தில் அவருக்கு வலிக்கவே ஆரம்பித்துவிட்டது. "ஸ்..." என்று இழுப்பது நிஜமான வலியைப்போலவே இருந்தது. மனுஷனுக்கு வராதது எழுத்து ஒன்றுதான்.

அந்த 'ஸ்...' காதில் விழுந்ததும், இசைவாணிக்கு உடம்பில் ஒரு கூச்சம் ஏறியது. செருப்பில்லாத காலால் எதையோ மிதித்துவிட்டதுபோல.

"நகரு" என்றாள்.

உட்கார்ந்து, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டத்தில் தன் பெயரைத் தட்டினாள். இங்கிலீஷில் எட்டே எழுத்து. கட்டத்தில் பாதி இடம் மிச்சம் இருந்தது.

 "யாரும்மா தொறந்து பாப்பாங்க இதை?" என்றாள் இளவேனில்.

"அம்பதுல ஒருத்தர் பாக்க மாட்டாங்களா?"

மெஷின் முதல் சி.டி.யை உள்ளே இழுத்துக்கொண்டது.

மண்டப வாசலில் பதினாறடி ஃபிளக்ஸ். அதில் ஆண்டிச்சாமி, கையில் தூரிகையோடு, மேகங்களுக்கு நடுவில் நின்றார். பின்னால் ஒரு சிங்கம். சிங்கத்துக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருமில்லை. தலைப்பு மட்டும் ஆண்டி தூரிகையில் இருந்தது. அதையும் இசைவாணிதான் அடித்துக் கொடுத்தாள். சிங்கத்தையும் அவள்தான் வெட்டி ஒட்டினாள்.

உள்ளே இருநூறு பேர் இருப்பார்கள். முன் வரிசையில் பட்டுப் புடவையோடு இசைவாணி. பன்னீர்ச் செம்பு நாற்றமும், மேடையிலிருந்த மாலைகளின் வாடையும், பின்பக்கத்திலிருந்து கிளம்பிய மசாலா வாசமும் சேர்ந்து, வெயிலில் வைத்த பழக்கூடைபோல மண்டபம் மணத்தது. கூட்டம் மேடைக்கு முகத்தையும் சமையலறைக்கு மூக்கையும் கொடுத்திருந்தது.

ஆண்டிச்சாமி மேடையேறியபோது கட்டைப் பார்த்து ஒரு முனகல் எழுந்தது. அவர் அடிபட்ட கையை நெஞ்சோடு அணைத்து, நல்ல கையால் கும்பிட முயன்று, முடியாமல், தலையை மட்டும் தாழ்த்தினார். யாரோ ஒரு பெண் 'ச்சு' கொட்டினாள்.

ராயப்பராஜ் மைக்கைப் பிடித்தார். அவர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருப்பவர். நாற்பது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து, பேச்சும் கல்யாணப் பத்திரிகையாகவே ஆகிவிட்டவர்.

"அன்பிற் சிறந்த ஆன்றோரே, சான்றோரே. இந்த எழுத்தின் ஓரங்களை உற்று நோக்குங்கள். கீறல் கீறலாய் இருக்கிறதே, அது என்ன? அது குஜிலியம்பாறை மானாவாரி நிலத்தில் ஏர் கிழித்த சால். மழை பொய்த்தபோதும் மனம் பொய்க்காத உழவனின் கைரேகை. தமிழனின் தழும்பு."

கைதட்டல். இசைவாணி தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். ஷேவிங் பிரஷ். பாதி முடி கொட்டியது. சோப்பு நுரை காய்ந்து அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுதும் முன் அதைச் சுரண்டிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

"இத்தகைய பொற்கரத்தில் இன்று காயம். எப்படி வந்தது காயம்? வாளாலா? வேலாலா? இல்லை. இல்லாளுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கையில் வந்தது. பெண்ணுக்குச் சமநீதி என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, நம்மில் எத்தனை பேர் ஒரு வெங்காயம் நறுக்கியிருப்போம்?"

ஆண்கள் பக்கம் சங்கடமான சிரிப்பு. பெண்கள் பக்கம் பலமான கைதட்டல். பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் இசைவாணியின் கையைப் பிடித்து, "குடுத்து வச்சவம்மா நீ" என்றாள். அவள் உள்ளங்கை வேர்த்து வழவழவென்று இருந்தது. இசைவாணி மெதுவாகக் கையை உருவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சி.டி. வெளியிடப்பட்டது. பெற்றுக்கொள்ளப்பட்டது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. இத்தோடு எழுந்து போய்விடலாம் என்று எல்லாரும் செருப்பைக் காலால் தேடியபோது, ராயப்பராஜ் மறுபடி மைக்கைத் தட்டினார்.

"நிகழ்ச்சி நிரலில் எழுதிக் காட்டுவது என்று போட்டிருக்கிறோம். போட்டதை நிறைவேற்றாத வழக்கம் நம் சங்கத்துக்கு இல்லை. எழுத்தரசின் கரத்தால் இன்று இயலாது. ஆகவே அவரில் பாதியாகிய அம்மையார் மேடைக்கு வந்து, அவர் சார்பில் தூரிகையைத் தொட்டு, ஒரு புள்ளி வைத்தால் போதும்."

ஆண்டிச்சாமியின் முகம் மாறியது. வேண்டாம் வேண்டாம் என்று கட்டுப் போட்ட கையை ஆட்டினார். அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

இசைவாணி மேடையேறினாள். அவரைக் கடக்கும்போது உதடு அசையாமல் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. "புள்ளி மட்டும் வை."

ஸ்டாண்டில் பெரிய வெள்ளைச் சார்ட். பக்கத்தில் புதுத் தூரிகை, காம்பில் ஜிகினா ரிப்பன். முடி விறைப்பாக இருந்தது. அவள் ரிப்பனை அவிழ்த்து மேசையில் போட்டாள். முடியை உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துப் பரத்தினாள். கறுப்பைத் தொட்டு, பாதியை வழித்துவிட்டு, தோளிலிருந்து கையை இறக்கினாள்.

'வெங்காயம்' என்று எழுதினாள்.

சார்ட்டில் இடம் மிச்சம் இருந்தது. பெயிண்ட் தீரும் நேரம். மறுபடி தொடாமல், அதற்குக் கீழேயே இன்னொரு முறை எழுதினாள். இரண்டாவது 'வெங்காயம்' முதலாவதைவிட வேகமாக, ஓரமெல்லாம் கிழிந்து பறந்தது.

பதினெட்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதி முடித்தபோது கை லேசாகச் சுட்டது. 

"ஏய், அதே எழுத்துப்பா" என்றது பின்வரிசையில் ஒரு குரல். தலைகள் சார்ட்டுக்கும், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த அதே ஃபிளக்ஸின் சின்னப் பிரதிக்குமாகத் திரும்பின. ஆண்டிச்சாமி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். வலது கையால்தான் பிடித்தார். யாரும் கவனிக்கவில்லை.

இசைவாணி மைக்கின் பக்கம் திரும்பி, "இது என் கையெழுத்து" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். ஸ்பீக்கரில் வந்தது.

ராயப்பராஜின் கண்கள் கலங்கிவிட்டன.

"கேட்டீர்களா அந்த உரிமைக் குரலை? கணவனின் கையெழுத்தை 'என் கையெழுத்து' என்கிறார். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர் கரத்தின் ஓட்டம் இவர் கரத்துக்கே ஏறிவிட்டதே. கற்பு என்பது வேறு என்ன ஐயா? காயம் பட்ட காரணத்தையே கருப்பொருளாக்கி, வெங்காயம் என்று இருமுறை எழுதியதில் எத்தனை ஏக்கம்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்தாள். ஆண்டிச்சாமி எழுந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கி மனைவியை ஆசீர்வதித்தார். பிரௌன் கலந்த சிவப்பு அவள் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. போஸ்டர் கலர் வாடை.

இசைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்லைக் கடித்தபடி மேடையை விட்டு இறங்கினாள். அதையும் உணர்ச்சிப் பெருக்கு என்றார் ராயப்பராஜ்.

பந்தியில் அவள் உட்காரவில்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது, ஆசாத் வந்தான். பேகம்பூரில் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை வைத்திருப்பவன். ஃபாண்டுக்கு எழுதிய தாள்களை அவன் கடையில்தான் ஸ்கேன் எடுத்தார்கள்.

"சாப்பிடலியாக்கா?"

"இறங்காது தம்பி."

"பிரியாணி நல்லாருக்கு. விழாதான் சரியா வேகல."

அவள் முகத்தைத் துடைத்தாள். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே. அந்த ரெண்டு வெங்காயத்தையும் பாத்தேன். ரெண்டுலயும் 'கா' வேற வேற மாதிரி இருக்கு. ஒருத்தரைப் பாத்துப் பழகுன கை ஒரே மாதிரிதான்க்கா எழுதும். மாத்தி எழுதப் பயப்படும். உங்க கை பயப்படல."

இசைவாணி குழாயை மூடினாள்.

"ஸ்கேன் எடுத்தப்ப அண்ணன் ஒரு தாளைத் தலைகீழா வச்சாரு. நான்தான் திருப்பி வச்சேன். எழுதுனவரு அப்படி வைப்பாரான்னு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. வீட்டு விசயம்னு விட்டுட்டேன்."

"இப்ப மட்டும் என்ன?"

"இப்ப மேடை விசயமாப் போச்சுல்ல. மனுசன் கட்டுல பெயிண்ட் உரியுதுக்கா, காயம்னுகூடப் பாக்காம அதே கையால பிரியாணி பாய்க்கு டாட்டா காட்டுறாரு." முகத்தைச் சுளித்தான். "நாளைக்கு மதுரைக்காரரு வரும்போது நானும் உங்க கடைக்கு வாரேன். அவர் முன்னாடியே கேப்பேன், இதை எழுதுனது யாருன்னு. நீங்க ஆமான்னா ஆமா. இல்லைன்னா நான் பொய்யனாப் போயிட்டுப் போறேன்."

"சி.டி.க்கு உள்ள என் பேருதான் போட்டிருக்கேன்."

ஆசாத் அவளையே பார்த்தான்.

"சி.டி. பேசாதுக்கா" என்றான். "நீங்கதான் பேசணும்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. ஆண்டிச்சாமி முன்னறை நாற்காலியில் சாய்ந்து, பல்லால் முடிச்சை இழுத்துக் கட்டை அவிழ்த்தார். கை வெள்ளையாக, வேர்வையில் சுருங்கி, வேகவைத்ததுபோல வெளியே வந்தது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"என்னமோ பண்ணிப்புட்டன்னுதான் நெனச்சேன்" என்றார். "ஆனா அதுவும் நமக்குச் சாதகமாத்தான் முடிஞ்சிருக்கு. ராயப்பண்ணன் வாயி வாயிதான். இந்தா, நாளைக்கு அந்த ஆளு வர்றதுக்குள்ள, டிசைனர் கட்டத்துல என் பட்டமெல்லாம் முழுசா இருக்கான்னு ஒரு தடவ பாத்துரு."

"அதுல இசைவாணின்னு இருக்கு."

மடங்கிய விரல்கள் மடங்கியபடி நின்றன.

"என்னது?"

"இசைவாணி. அம்பது சி.டி.லயும்."

"விளையாடுறியா?"

"காலையிலயே அடிச்சிட்டேன்."

ஆண்டிச்சாமி மகளைப் பார்த்தார். இளவேனில் மிச்சமிருந்த பேண்டேஜ் துணியை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"என் மானத்த வாங்கிப்புட்டியேடி. எத்தனை பேரு இந்நேரம் போட்டுப் பாத்தானோ." எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நோட்டை எடு. யாரு யாருக்குக் குடுத்தோம்னு பாத்து, வீடு வீடாப் போயி வாங்கணும். பிழையிருக்கு, திருத்தித் தாரோம்னு சொல்லலாம். அந்த ஃபைல இப்ப மாத்து."

"நான் மாத்த மாட்டேன்."

"அப்ப இளவேனிலு மாத்தட்டும்."

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் இளவேனில். "உங்க ஃபாண்டுதான. நீங்களே மாத்துங்க."

ஆண்டிச்சாமி கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதை எந்தப் பொத்தானால் உயிர்ப்பிப்பது என்பதே அவருக்கு ஐயம். 

வாசலில் மொபெட் சத்தம். ராயப்பராஜ் இறங்கி வந்தார். பொன்னாடையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஆண்டிச்சாமி வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இருக்கட்டும் தம்பி, எந்திரிக்காத. ரணம் ஆறட்டும்" என்றார் ராயப்பராஜ். மேடைத் தமிழை அவர் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "தங்கச்சி, நல்ல விழாம்மா. சங்கத்து சார்பா நன்றி அறிவிப்புன்னு ஒரு ஃபிளக்ஸ் வேணும். எட்டுக்கு நாலு. நாளைக்குக் காலையில மண்டபத்து வாசல்ல கட்டணும்."

"சி.டி.யப் போட்டுப் பாத்தீகளாண்ணே?" ஆண்டிச்சாமியின் குரல் கீச்சென்று வந்தது.

"எதை?"

"நாங்க குடுத்த சி.டி."

"அதுவா. ரொம்ப உபயோகம்ப்பா. வண்டிக்குப் பின்னாடி லைட்டு எரியாம இருந்துச்சு. மட்கார்டுல கம்பி வச்சுக் கட்டிட்டேன், ராத்திரி பின்னால வர்றவன் லைட்டு பட்டா மின்னும்ல, இப்ப வெயிலுக்கே என்னமா மின்னுது. நம்ம ஆளுக முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் கட்டிக்கிட்டுப் போனானுக."

ஆண்டிச்சாமி மூச்சு விட்டார். இசைவாணி அவர் மூச்சு விடுவதைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எட்டுக்கு நாலு போட்டு, ஆண்டி தூரிகையில் பெரிதாக 'நன்றி' என்று அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ராயப்பராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அப்புறம் மறுபக்கம்.

"என்ன தங்கச்சி, கையில எழுதுன மாதிரி இருக்கு?"

"அந்த ஃபாண்டுதாண்ணே. காலையில நீங்க வெளியிட்டது."

"அது சரிம்மா. அது விழாவுக்கு. இதை நாலு பேரு படிக்கணும்ல. ஓரமெல்லாம் பிஞ்சு பிஞ்சு கெடக்கு. நல்லா நீட்டா, கம்ப்யூட்டர் எழுத்துலயே போட்டுக் குடு."

"அண்ணன் சொல்றதும் சரிதான்" என்றார் ஆண்டிச்சாமி.

இசைவாணி வழக்கமான எழுத்துக்கு மாற்றி அடித்துக் கொடுத்தாள்.